ஆயுத ட்ரோன்: ஒரு சின்ன நாடு உண்மையில் எதை வாங்குகிறது?



இந்தக் கிழமை எபிசோட்டில் ட்ரோன்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். பற்றரி, கமெரா, ஜாமிங் எல்லாம் வந்தது. கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் "சரி, ஒரு சின்ன நாடு ஆயுதம் பூட்டின ட்ரோன் வாங்கத்தான் வேணுமா?" என்ற கேள்வி வந்தது. அதை அவசரமாகச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால் இங்கே ஒரு பாடமாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், கோப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து இருங்கோ.

உதாரணத்துக்கு நெதர்லாந்தை எடுக்கிறேன். நான் வேலை செய்து வரி கட்டும் நாடு இது. ஏறத்தாழ 18 மில்லியன் சனம். தன்னிடம் உள்ள கண்காணிப்பு ட்ரோன்களில் குண்டும் ஏவுகணையும் பூட்டப் போவதாக 2023-இல் இந்த நாட்டு அரசு அறிவித்தது. நீங்கள் இருக்கிற நாட்டிலும் இதே கேள்வி ஒரு நாள் வரும். அப்போது வோட்டுப் போடப்போவது நீங்கள்தான். "ஓம்" என்பதா "வேண்டாம்" என்பதா என்று முடிவெடுக்க முதல், என்ன சாமானைப் பற்றிக் கதைக்கிறோம் என்று விளங்கியிருக்க வேண்டும்.

1. ஒரே பெயர், மூன்று சாமான்

"ட்ரோன்" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறுவேறு ஆயுதங்கள் கிடக்கின்றன. வாக்குவாதம் குழம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

முதலாவது, எஃப்.பி.வி. ட்ரோன். ரேஸ் விடுகிற ட்ரோன் மாதிரி நாலு விசிறி, ஒரு கமெரா, கீழே ஒரு வெடி. சில நூறு டொலருக்குக் கட்டலாம். உக்ரைன் போரில் இரண்டு பக்கமும் ஏராளமாகப் பாவிப்பது இதைத்தான். சில கிலோமீற்றர் போய் இலக்கில் மோதி வெடிக்கும். திரும்பி வராது.

இரண்டாவது, துருக்கியின் பைராக்டார் டிபி2 போன்ற நடுத்தர ட்ரோன். இறக்கையின் அகலம் 12 மீற்றர். ஒரு முழு நாள் வானத்தில் நிற்கும். லேசர் வழிகாட்டும் சின்னக் குண்டுகள் நாலு காவும். விலை சில மில்லியன். 2022-இல் உக்ரைனுக்கு இப்படி ஒன்று வாங்கிக் கொடுப்பதற்காக லிதுவேனியாவில் பொதுமக்கள் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 5 மில்லியன் யூரோ சேர்த்தார்கள். அதைப் பார்த்த கம்பனி ட்ரோனை இலவசமாகவே கொடுத்துவிட்டது.

மூன்றாவது, அமெரிக்காவின் எம்.கியூ-9 ரீப்பர். இறக்கை 20 மீற்றர், 900 குதிரைவலு எஞ்சின், 1,700 கிலோ வரை காவும். செய்மதி வழியாக வேறொரு கண்டத்தில் இருந்தே ஓட்டலாம். ஒன்றின் விலை ஏறத்தாழ 30 மில்லியன் டொலர். நெதர்லாந்து ஆயுதம் பூட்டப் போவது இதற்குத்தான்.

முதலாவதை உங்கட எல்லைக்குள் ஆள் வந்தால்தான் பாவிப்பீர்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் இன்னொருவரின் நாட்டுக்கு மேலேதான் பறக்க விடுவீர்கள். எனவே "ட்ரோன் வேணுமா வேண்டாமா" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் சரியான பதில் வராது. இந்தப் பாடத்தில் முக்கியமாக மூன்றாவதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

2. பறக்கிற துண்டு ஒரு துண்டு மட்டும்தான்

ஒப்பந்த வேலைக்குப் போகிற இடத்தில் புதுச் சேர்வர் ஒன்றைக் காட்டினால், அது எதோட கனெக்ட் ஆகுது, ஆர் பாஸ்வேர்ட் வைத்திருக்கினம், லொக் எங்கே போகுது என்று கேட்பதுதான் என் முதல் வேலை. ரீப்பரையும் அதே மாதிரிப் பிரித்துப் பார்ப்போம். ஆறு பகுதி இருக்கிறது.

விமானம். இது எல்லாருக்கும் தெரிந்த துண்டு.

தரை நிலையம். பொதுவாக இரண்டு இடத்தில் வேலை நடக்கும். செய்மதி வழியாகப் போகும் கட்டளை விமானத்துக்குப் போய்ப் படம் திரும்பி வர ஒன்றிரண்டு செக்கன் எடுக்கும். ஒன்லைன் கேம் விளையாடுகிறவர்களுக்கு ஒரு செக்கன் லாக் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த லாக்கோடு ஓடுபாதையில் இறக்குவது கஷ்டம் என்பதால், ஏற்றவும் இறக்கவும் விமான நிலையத்திலேயே ஒரு குழு நேரடி ரேடியோவில் வேலை செய்யும். மேலே ஏறின பிறகு தூரத்தில் இருக்கும் மற்றக் குழு பொறுப்பெடுக்கும்.

இணைப்பு. செய்மதி, ரேடியோ, குறியாக்கம். இதில் அசட்டையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. அமெரிக்க பிரிடேட்டர் ட்ரோன்களின் காணொளி குறியாக்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்ததையும், ஈராக்கில் ஆயுதக் குழுக்கள் 26 டொலர் பெறுமதியான ஒரு சொஃப்ட்வெயரை வைத்து அதைப் பிடித்துப் பார்த்ததையும் 2009-இல் பத்திரிகைகள் வெளியில் கொண்டுவந்தன. உலகின் மிகப் பணக்கார இராணுவத்துக்கு நடந்தது இது.

உளவுத் தகவல். திரையில் ஒரு கட்டடம் தெரியும். அது குண்டு செய்யும் இடமா, பேக்கரியா, பக்கத்தில் ஆர் இருக்கினம் என்பதைக் கமெரா சொல்லாது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு, தரையில் உள்ள ஆட்கள், பழைய படங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் அது விளங்கும்.

ஆட்கள். விமானி ஒருவர், கமெராவை இயக்குபவர் ஒருவர், அவர்களுக்குப் பின்னால் காணொளியைப் படிக்கிற ஆய்வாளர்கள், சட்ட ஆலோசகர், திருத்தும் பொறியியலாளர்கள். "ஆளில்லா விமானம்" என்று பெயர், ஆனால் ஆட்கள் நிறையத் தேவை.

கடைசியாகப் பதிவு. என்ன பார்த்தார்கள், ஆர் அனுமதி கொடுத்தது, எத்தனை மணிக்கு, பிறகு என்ன நடந்தது. எங்கட பாஷையில் லொக்.

முதல் இரண்டும் காசு கொடுத்தால் வரும். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் ஒரு சின்ன நாடு பெரும்பாலும் பெரிய நட்பு நாட்டின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்தையும் ஆறையும் அந்த நாடு தானேதான் கட்டியெழுப்ப வேண்டும். கடையில் கிடைக்காது.

3. வாங்கச் சொல்கிறவர்களின் நியாயம்

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒழுங்காகக் கேட்போம்.

2020 செப்டெம்பர் 27 முதல் நவம்பர் 10 வரை, 44 நாள், அசர்பைஜானும் ஆர்மேனியாவும் நாகோர்னோ-கராபாக்குக்காகச் சண்டை பிடித்தன. இரண்டும் சின்ன நாடுகள். அசர்பைஜானிடம் துருக்கியின் டிபி2-வும், இலக்கைத் தேடிப் போய் மோதி வெடிக்கும் இஸ்ரேலின் ஹாரொப்பும் இருந்தன. ஆர்மேனியப் பக்கத்தில் பெரும்பாலும் சோவியத் காலத்து வான்பாதுகாப்பு. அசர்பைஜான் பழைய அன்டனோவ்-2 விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டது. அவற்றைச் சுடுவதற்காக எதிர்ப்பக்க ரேடார்களும் ஏவுகணைகளும் தங்கள் இடத்தைக் காட்டிக்கொண்டன. மேலே காத்திருந்த ட்ரோன்கள் அவற்றை அடித்தன. பல வருஷமாக அசையாத கோடு ஆறு கிழமையில் மாறிப்போனது. "ட்ரோன் இல்லாத சின்ன நாடு தோற்கும்" என்று பல நாட்டு இராணுவங்கள் எடுத்துக்கொண்ட பாடம் இது.

நெதர்லாந்து அரசு சொன்ன காரணங்கள் வேறு மாதிரி. இலக்கைக் கண்டுபிடிப்பதும் அடிப்பதும் ஒரே விமானமாக இருந்தால் நேரம் மிச்சம். தரையில் எங்கட படையினர் சுற்றிவளைக்கப்பட்டால் உடனே உதவலாம். ஒரு போர் விமானம் இலக்குக்கு மேலே அதிக நேரம் நிற்க முடியாது. ரீப்பர் மணிக்கணக்காக நிற்கும். பிள்ளைகள் வீதியைக் கடந்து போகும்வரை காத்திருக்கலாம். விமானி உயிருக்குப் பயந்து அவசரமாக முடிவெடுக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வாதம் எனக்கு வெறும் விளம்பரமாகத் தெரியவில்லை. நிதானமாகப் பார்க்கிறவர் பிழை விடும் வாய்ப்புக் குறைவு என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. கராபாக்கில் டிபி2 வென்றதற்குக் காரணம் எதிர்ப்பக்கத்தின் வான்பாதுகாப்புப் பழையது என்பதும்தான். உக்ரைனில் 2022-இன் முதல் கிழமைகளில் அதே டிபி2 பெரிய பெயர் எடுத்தது. ரஷ்யா தன் வான்பாதுகாப்பை ஒழுங்குபடுத்தின பிறகு முன்னரங்கில் அதன் வேலை நன்றாகக் குறைந்தது. ஏமனில் ஹூதிகள் 2023-இற்குப் பிறகு பல ரீப்பர்களைச் சுட்டு விழுத்தினார்கள். மெதுவாகப் பறக்கும் பெரிய விமானம் இது. ஒளிக்க இடமில்லை.

அப்படியென்றால் ரஷ்யா மாதிரிப் பலமான ஒரு நாடு படையெடுத்தால், ரீப்பரை முன்னரங்கில் நம்பியிருக்க முடியாது. கீழே இருப்பவரால் சுட முடியாத இடத்தில்தான் அது நிம்மதியாகப் பறக்கும். "நாட்டைக் காப்பாற்ற" என்று சொல்லி வாங்குகிற ஆயுதம், நடைமுறையில் தூர தேசத்தில் ஏழைச் சனத்தின் தலைக்கு மேலேதான் அதிகம் நிற்கும். வாங்க முதல் இதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

4. சாவி ஆரிட்ட இருக்கு?

சொஃப்ட்வெயர் எழுதுகிறவர்களுக்கு டிபெண்டென்சி என்றால் தெரியும். ஆரோ ஒருவர் எங்கேயோ ஒரு சின்ன பக்கேஜை எடுத்துவிட்டால் உங்கட முழு பில்ட்டும் நின்றுவிடும். ஆயுதத்திலும் அதேதான்.

டிபி2 துருக்கியின் பெருமை. ஆனால் கராபாக் போர் நடந்தபோது அதன் கண் ஒன்ராறியோவில் செய்யப்பட்டது. வெஸ்காம் கமெரா. ரொறன்ரோவில் இருக்கிறவர்கள் அதைச் செய்கிற கம்பனியைத் தாண்டிக் காரில் போயிருப்பீர்கள். 2020 ஒக்டோபரில் கனடா அந்தக் கமெரா ஏற்றுமதியை இடைநிறுத்தியது. 2021 ஏப்ரலில் அனுமதிகளையே இரத்துச் செய்தது. எஞ்சின் ஒஸ்திரியாவின் ரோட்டக்ஸ். அந்தக் கம்பனியை வைத்திருக்கும் கனடிய நிறுவனமும் விற்பனையை நிறுத்தியது. துருக்கி பெரிய நாடு, தானே மாற்றுச் செய்ய இறங்கியது. 3 மில்லியன், 5 மில்லியன் சனம் உள்ள நாடு என்ன செய்யும்?

நெதர்லாந்தின் ரீப்பர் அமெரிக்காவில் இருந்து வந்தது. அமெரிக்கா வெளிநாட்டுக்கு விற்கும் ஆயுதத்தை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று தொடர்ந்து பார்க்க அதன் சட்டமே இடம் கொடுக்கிறது. உதிரிப்பாகம், சொஃப்ட்வெயர் அப்டேட், பயிற்சி எல்லாம் அங்கிருந்துதான் வரவேண்டும். இன்றைக்கு நண்பர், நாளைக்கும் அப்படியே இருப்பார் என்று கொன்ட்ராக்டில் எழுத முடியாது.

இன்னொன்று, காலம். நெதர்லாந்து ரீப்பரைத் தெரிவுசெய்தது 2013-இல். கொள்வனவு உறுதியானது 2018-இல். விமானம் கைக்கு வந்தது 2022-இல். தளம் நாட்டின் வடக்கே லேவார்டனில் என்றாலும், முதலில் பறந்தது அங்கே இல்லை, கரீபியன் கடலில் உள்ள குரசாவோ தீவில் இருந்து. பயணிகள் விமானங்கள் நிறைந்த ஐரோப்பிய வானத்தில் ஆளில்லாத பெரிய விமானத்தை ஓட்டுவதற்கு நிறைய அனுமதி வேண்டும். சுவிற்சர்லாந்துக்கும் இதேதான். 2015-இல் ஆறு ஹெர்மிஸ் 900 ட்ரோன் வாங்க 250 மில்லியன் பிராங் ஒதுக்கினார்கள். ஆயுதம் இல்லாதவை. மற்ற விமானங்களைத் தானாகக் கண்டு விலகும் தொழில்நுட்பம் வேண்டும் என்று கேட்டதோடு திட்டம் வருஷக்கணக்காக இழுபட்டது.

2013-இல் நெதர்லாந்து சொன்னது "கண்காணிப்புக்கு, ஆயுதம் இல்லை" என்று. பத்து வருஷத்தில் அது மாறியது. இதில் சதி ஒன்றும் இல்லை. இறக்கையில் கொழுவி இருந்தால் ஒரு நாள் அதில் எதையாவது கொழுவத்தான் பார்ப்பார்கள்.

5. ஹவீஜா

இந்தப் பாடத்தின் நடுப்பகுதி இதுதான். இது ட்ரோன் தாக்குதல் இல்லை, விமானி ஓட்டின எஃப்-16. வேண்டுமென்றேதான் இதைத் தெரிவுசெய்தேன்.

2015 ஜூன் 2-ஆம் திகதி இரவு, 3-ஆம் திகதி விடியமுதல், ஈராக்கின் ஹவீஜா நகரில் ஐ.எஸ். அமைப்பு கார்க்குண்டுகள் செய்த ஒரு கட்டடத்தை நெதர்லாந்தின் எஃப்-16 விமானம் அடித்தது. கூட்டணியின் நடவடிக்கை, அமெரிக்கா தலைமை. சனம் குறைவாக இருக்கும் என்றுதான் இரவைத் தெரிவுசெய்தார்கள். ஆனால் உள்ளே குவிந்து கிடந்த வெடிமருந்து, போட்ட குண்டைவிடப் பல மடங்கு பெரிதாக வெடித்தது. சுற்றி இருந்த ஒரு குறிச்சியே அழிந்தது. அந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில், வேறு இடங்களில் இருந்து சண்டைக்கு ஓடிவந்த அகதிக் குடும்பங்கள் தங்கியிருந்தன. குறைந்தது 70 பேர் செத்ததாக முதலில் செய்தி வந்தது. 2022-இல் பாக்ஸ் என்ற நெதர்லாந்து அமைப்பும் ஈராக்கின் அல்-காத் அமைப்பும் வெளியிட்ட ஆய்வு, செத்த பொதுமக்கள் குறைந்தது 85 பேர் என்றது.

அந்த மாதமே அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் பாராளுமன்றத்துக்குக் கொடுத்த தகவல் பிழை. நெதர்லாந்துத் தாக்குதலில் பொதுமக்கள் செத்ததாகத் தெரியவில்லை என்று சொல்லப்பட்டது. உண்மை 2019 ஒக்டோபரில் என்.ஆர்.சி. பத்திரிகையும் என்.ஓ.எஸ். ஒலிபரப்பும் எழுதித்தான் வெளியில் வந்தது. நாலு வருஷத்துக்கு மேல். அந்த நாலு வருஷமும் ஹவீஜாவில் பிள்ளையைப் புதைத்தவர்களுக்கு, குண்டு போட்டது எந்த நாடு என்றுகூடத் தெரியாது. பிறகு அரசு ஏறத்தாழ 4.4 மில்லியன் யூரோவை நகரத்தின் மறுசீரமைப்புக்கு ஒதுக்கியது. தனித்தனிக் குடும்பங்களுக்கு நட்டஈடு இல்லை.

முன்னாள் அமைச்சர் வின்னி சோர்க்ட்ராகர் தலைமையிலான விசாரணைக் குழு 2025 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. நெதர்லாந்து அமெரிக்கத் தகவலில் தங்கியிருந்தது, பொதுமக்களுக்கு வரக்கூடிய ஆபத்தைப் பற்றிச் சொந்தமாகப் போதிய அளவு பார்க்கவில்லை என்பது அதன் முக்கியமான குறை. அந்த அறிக்கை வந்த பிறகு இன்னொன்று நடந்தது. இனி இல்லை என்று குழுவுக்குச் சொல்லப்பட்ட விமானக் காணொளி, விமானப்படைத் தளம் ஒன்றில் இருந்து கண்டெடுக்கப்பட்டது.

எங்கட துறையில் வேலை செய்கிறவர்கள் இந்தக் கடைசி வசனத்தை இன்னொரு தடவை வாசியுங்கோ. ஒரு வங்கியில் பத்து யூரோ பிழையாகப் போனால், எந்தச் சேர்வர், எந்த யூசர், எந்த மில்லிசெக்கன் என்று எடுத்துக் காட்ட வேண்டும். இத்தனை சனம் செத்த ஒரு இரவின் காணொளி எங்கே என்று பத்து வருஷமாக ஒரு அமைச்சுக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த ஆறு பகுதியை நினையுங்கோ. ஹவீஜாவில் விமானம் நல்லது. விமானி திறமைசாலி. குண்டு சரியாக இலக்கில்தான் விழுந்தது. உடைந்தது நாலாவதும் ஆறாவதும்: உளவுத் தகவலும் பதிவும். எஃப்-16-இன் இடத்தில் ரீப்பரை வைத்தால் இவை இரண்டும் தானாகத் திருந்துமா?

6. "நிறைய நேரம் பார்க்கலாம்" என்பது போதுமா?

2021 ஓகஸ்ட் 29, காபூல். அமெரிக்க ட்ரோன்கள் ஒரு வெள்ளைக் காரை ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் பின்தொடர்ந்தன. காரில் ஏற்றினது வெடிமருந்து என்று நினைத்து ரீப்பர் ஏவுகணை அடித்தது. செத்தது 10 பொதுமக்கள். அதில் ஏழு பேர் பிள்ளைகள். ஏற்றினது தண்ணீர்க் கான்கள். மூன்று கிழமைக்குள் அமெரிக்க இராணுவமே பிழையை ஒத்துக்கொண்டது. எட்டு மணித்தியாலம் பார்த்தும், முதலே மனதில் இருந்த கதையைத்தான் திரையில் கண்டார்கள். நேரம் கூடினால் படம் கூடும். விளக்கம் கூடும் என்று இல்லை.

மற்றப் பக்கத்தில், "அப்ப ஆயுதம் பூட்டாமல் கண்காணிப்புக்கு மட்டும் வைத்திருந்தால் பிரச்சினை தீர்ந்ததுதானே" என்று நல்ல மனம் உள்ளவர்கள் சொல்வார்கள். இதற்குப் பதில் எங்களில் பலரின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வன்னியில் கடைசிக் காலம் இருந்த சித்தியிடம், மாமாவிடம் "வண்டு" என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கோ. இலங்கை விமானப்படை இஸ்ரேலிடம் வாங்கின ஆளில்லா விமானத்துக்கு, அதன் இரைச்சலை வைத்துச் சனம் வைத்த பெயர் அது. அது ஏவுகணை காவவில்லை. பார்த்தது மட்டும்தான். பார்த்ததைப் படமாக அனுப்பியது. பிறகு கிபிர் வந்தது, ஷெல் வந்தது. வண்டுச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடின சனத்துக்கு அது ஆயுதம் இல்லை என்று விளங்கப்படுத்த முடியுமா?

ஆகவே "ஆயுதம் பூட்டினது, பூட்டாதது" என்ற கோட்டை நான் அவ்வளவு பெரிதாக எடுக்கவில்லை. பார்க்கிறவரும் அடிக்கிறவரும் ஒரே சங்கிலியில் இருக்கிறார்கள். அந்தச் சங்கிலி எங்கட கையில் இருக்கிறதா, அதில் நடந்ததற்கு எங்கட பாராளுமன்றம் கணக்குக் கேட்க முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியம்.

7. என் பதில்

நடுநிலை என்று சொல்லி நழுவ விருப்பமில்லை. நான் நினைப்பது இது.

சொந்த எல்லையைக் காக்கும் சின்ன ட்ரோன்களும், வருகிற ட்ரோனை விழுத்தும் வான்பாதுகாப்பும் ஒரு சின்ன நாட்டுக்குத் தேவை. இதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. பக்கத்து நாடு படையெடுத்து வரும்போது வெறும் கையோடு நில் என்று ஆருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ரீப்பர் மாதிரித் தூரம் போய் அடிக்கும் ட்ரோனுக்கு மட்டும், கீழே உள்ள நாலும் சட்டமாக எழுதப்படும்வரை ஆயுதம் பூட்டக் கூடாது.

ஒன்று, சொந்தக் கண். இலக்கைச் சுற்றி ஆர் இருக்கினம் என்பதை நட்பு நாட்டின் சொல்லை மட்டும் நம்பாமல் தானே பார்க்கும் ஆய்வாளர்கள் வேண்டும். "எங்களுக்குத் திருப்தி இல்லை, அடிக்க மாட்டோம்" என்று சொல்லும் அதிகாரம் கூட்டணியில் காகிதத்தில் இருந்தால் போதாது. அதைச் சொல்லத் தேவையான தகவலும் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு, அழிக்க முடியாத லொக். காணொளி, கட்டளை, அனுமதி, உரையாடல் எல்லாம் எழுதின பிறகு மாற்ற முடியாத சேமிப்பில் போகவேண்டும். அதன் ஒரு பிரதி அமைச்சுக்கு வெளியே, சுதந்திரமான ஒரு அமைப்பிடம் இருக்கவேண்டும். தொழில்நுட்பமாக இது கஷ்டமே இல்லை. வங்கிகளும் வைத்தியசாலைகளும் தினமும் செய்கிற வேலை.

மூன்று, சொல்லவேண்டிய காலக்கெடு. படையை வெளிநாட்டுக்கு அனுப்ப முதல் பாராளுமன்றத்துக்கு அறிவிக்கவேண்டும் என்று நெதர்லாந்து அரசியலமைப்பின் 100-ஆவது உறுப்புச் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் குண்டு விழுந்த பிறகு, பொதுமக்கள் செத்திருக்கலாம் என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் சொல்லவேண்டும் என்று அந்த உறுப்பில் இல்லை. அந்த எண் வேண்டும். நாலு வருஷம் என்பது ஒரு எண் இல்லை.

நாலு, ஒரு முகவரி. பாதிக்கப்பட்டவர் முறையிட ஒரு இடம், அவர் மொழியில் பதில், நட்டஈட்டுக்கு ஒரு வழி. முறைப்பாடு கொடுக்க ஆர் அடித்தது என்று முதலில் தெரியவேண்டும் என்பதால், மூன்றாவது இல்லாமல் இது வராது.

இதற்கு வரக்கூடிய ரெண்டு எதிர்க்கேள்வி.

"இவ்வளவும் செய்ய வெளிக்கிட்டால் சின்ன நாடு ஒன்றும் வாங்கவே ஏலாது." அப்படியென்றால் வாங்காமல் விடட்டும். விமானத்துக்குக் காசு இருந்து ஆய்வாளருக்கும் லொக்குக்கும் காசு இல்லை என்றால், அந்த நாட்டிடம் விரல் இருக்கிறது, கண் இல்லை. அடிப்பது எங்கே என்று வேறு ஆரோ சொல்லுவார்கள். செத்தவர்களின் கணக்கு மட்டும் எங்கட பெயரில் விழும்.

"நாங்கள் செய்யாவிட்டால் பெரிய நாடு செய்யத்தான் போகுது. நாங்கள் உள்ளே இருந்தால் கொஞ்சமாவது கவனமாக நடக்கும்." இதுதான் எனக்குக் கஷ்டமான கேள்வி. இதில் உண்மை இருக்கிறது. மேசையில் இருக்கிற சின்ன நாடு "இந்தக் கட்டடம் வேண்டாம்" என்று சொன்னால் உயிர் தப்பலாம். ஆனால் அப்படிச் சொல்வதற்கு முதலாவது நிபந்தனை வேண்டும். ஹவீஜாவில் நெதர்லாந்து மேசையில்தான் இருந்தது.

8. வீட்டுவேலை

நீங்கள் இருக்கும் நாட்டை எடுத்து இந்த ஐந்து கேள்விக்கும் பதில் தேடுங்கோ. பாராளுமன்ற இணையத்தளமும் பாதுகாப்பு அமைச்சின் கடிதங்களும் போதும். இரகசிய ஆவணம் ஒன்றும் தேவையில்லை.

உங்கட நாட்டிடம் உள்ள, அல்லது வாங்கப்போகிற ட்ரோன் மேலே சொன்ன மூன்றில் எந்த வகை? அதன் கமெரா, எஞ்சின், செய்மதி இணைப்பு எந்த நாட்டில் இருந்து வருகிறது? வாங்கும்போது சொன்ன நோக்கம் என்ன, இப்போது சொல்வது என்ன? வெளிநாட்டில் பொதுமக்கள் செத்தால் எத்தனை நாளில் பாராளுமன்றத்துக்குச் சொல்லவேண்டும்? காணொளியை ஆர், எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

கடைசி இரண்டுக்கும் பதில் கிடைக்காவிட்டால் உங்கட தொகுதி உறுப்பினருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கோ. நாலு வரி போதும். கேள்வி தெளிவாக இருந்தால் அவரோ அவருடைய அலுவலகமோ எங்கேயாவது போய்க் கேட்டுத்தான் ஆகவேண்டும். எங்கட தலைமுறைக்கு இந்த நாடுகளின் மொழியும் தெரியும், சிஸ்டம் எப்படி வேலை செய்யும் என்றும் தெரியும். வண்டுச் சத்தம் கேட்ட சனத்தோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடவும் செய்கிறோம். இந்தக் கேள்வியைக் கேட்க வேறு தகுதி தேவையில்லை.

பதில் கிடைத்தால் இந்த மடலுக்கே திருப்பி எழுதி அனுப்புங்கோ. நாடு நாடாகச் சேர்த்து ஒரு எபிசோட்டில் வாசிப்போம். என் முடிவோடு ஒத்துப்போகாதவர்கள் கட்டாயம் எழுதுங்கோ, முக்கியமாக அந்த இரண்டாவது எதிர்க்கேள்வியைப் பற்றி.

அடுத்த கிழமை சந்திப்போம்.